கேஸ் ஷீட்டில் நீ எழுதாத வரி

இன்று காலையிலிருந்து வார்டுத் தாழ்வாரம் முழுக்க வார்னிஷ் வாடை. தரச் சான்றிதழ் கொடுக்கும் குழு நாளை ஆஸ்பத்திரியைப் பார்க்க வருகிறதாம். உன் அறை அலமாரியைத் திறந்து, மனநல வார்டு நோயாளிகள் உன்னிடம் வரைந்த படங்களை எடுத்துச் சட்டம் போட்டு மாட்டுகிறார்கள். மேலே ஒரு பலகை: 'நோயாளிகளின் பொழுதுபோக்கு'. "நல்லா வந்திருக்குதுங்களா சிஸ்டர்?" என்று மேனேஜர் கேட்டார். அந்த வார்னிஷை அவர் தலையிலேயே கவிழ்க்கலாம் போல இருந்தது.

நீ இருந்தால் மாட்ட விட்டிருக்க மாட்டாய். முன்பு ஒருமுறை மேனேஜர் மாட்டக் கேட்டபோது, "அவங்க நம்மளை நம்பிச் சொன்னதுங்க அது. பிளட் ரிப்போர்ட்டைச் செவுத்துல மாட்டுவீங்களா?" என்றாய். நீ எதிர்த்துப் பேசி நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். கலைச் சிகிச்சைக்கென்றே வெளியூரில் தங்கி இரண்டு வருஷம் படித்துப் பட்டம் வாங்கியவளுக்கு, அடையாள அட்டையில் 'கைவேலை டீச்சர்' என்று அச்சடித்துக் கொடுத்தார்கள். அதையும் கழுத்தில் மாட்டிக்கொண்டு ஒன்பது வருஷம் நடந்தாய். நீ செத்த அன்று வாசலில் கட்டிய கண்ணீர் அஞ்சலி ஃபிளக்ஸிலும் கைவேலை டீச்சர்தான். கூடவே 'சேவைச் செம்மல்' வேறு. பதவி கொடுக்க மனமில்லாதவர்களுக்கு இந்தச் சேவை என்ற சொல் எவ்வளவு வசதியாக இருக்கிறது.

அந்த அருள்புரத்துப் பெண் உனக்கு நினைவிருக்கும். பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. துணியில் பிழை இருக்கும் இடத்தில் சின்ன அம்பு ஸ்டிக்கரை ஒட்டுவாள்; பிழை மிகுந்தால் ரிஜெக்ட் என்று கழித்துப் போடுவாள். தற்கொலைக்கு முயன்று நம்மிடம் வந்தவள், யாரிடமும் பேசவில்லை. நீ கட்டிங் வேஸ்ட் துணியைக் கொடுத்து, தன்னையே பொம்மையாகச் செய்யச் சொன்னாய். கைஜாடையில் அம்பு ஸ்டிக்கர் கேட்டாள். தேடி வாங்கிக் கொடுத்தாய். வாரம் ஒரு பொம்மை. முதல் பொம்மையில் ஒரே ஒரு அம்பு. நான்காவதில் முகமே தெரியவில்லை, அத்தனை அம்பு. அதை அவளே குப்பைக் கூடையில் போட்டாள்.

மறுநாள் டிஸ்சார்ஜ் என்றார் டாக்டர். சாப்பிடுகிறாள், தூங்குகிறாள், வேறென்ன வேண்டும்?

"இன்னொரு வாரம் வெச்சுப் பாக்கலாமுங்க சார். அவ தன்னையே ரிஜெக்ட் பண்ணிட்டாளுங்க" என்றாய்.

அவர் சிரித்தார். "கம்பெனி ஞாபகத்துல அந்தப் பொண்ணு ஒட்டியிருக்குதுங்க. பொம்மையைப் பாத்தெல்லாம் டிஸ்சார்ஜை நிறுத்த முடியாது."

எழுதியாவது வைப்போம் என்று நீ கேஸ் ஷீட்டை எடுத்தாய். அதைப் பறித்தவள் நான். "டாக்டரும் நர்சும்தான் இதுல எழுதணும். கைவேலை டீச்சரெல்லாம் எழுதப்பிடாது" என்றேன், வார்டே கேட்கும்படி. தூத்துக்குடிப் பக்கத்து வாய் எனக்கு. நீ பேனாவை மூடினாய்.

வீட்டுக்குப் போன நான்காம் நாள் அவள் மறுபடியும் முயன்றாள். உயிர் மிஞ்சியது, எழுந்து நடக்க ஏழு மாதம் ஆயிற்று. அவள் அண்ணன் வந்து சண்டை போட்ட பிறகு ஆஸ்பத்திரி விசாரணை வைத்தது. முன்பே யாராவது எச்சரித்தார்களா என்று கேட்டுக் கேஸ் ஷீட்டைப் புரட்டினார்கள். ஒரு வரி இல்லை. டாக்டர் தப்பினார். நான் வாய் திறக்கவில்லை, நீயும் திறக்கவில்லை. ஏன் என்று வெளியே வந்து கேட்டேன். "என்ற பேச்சு எதுல சேருமுங்க சிஸ்டர்" என்றாய். உன்னை அங்கேயே அறைந்திருப்பேன்.

இப்போது உன் தொழிலும் மருத்துவம் சார்ந்த தொழில்களின் சட்டப் பட்டியலில் ஏறிவிட்டது என்கிறார்கள். அந்தச் சேதி மேனேஜருக்கு இன்னும் எட்டவில்லை. நாளை குழுவின் முன்னால் உன் சேவையைப் பற்றி நாலு வார்த்தை பேசச் சொன்னார். நான் நேரே ரெக்கார்டு அறைக்குப் போய் அவளுடைய கேஸ் ஷீட்டை எடுத்தேன். கடைசிக் குறிப்புக்குக் கீழே இன்றைய தேதியைப் போட்டு, உன் பெயரை எழுதி, பக்கத்தில் கலைச் சிகிச்சையாளர் என்று எழுதினேன். டிஸ்சார்ஜுக்கு முதல் நாள் இவர் எச்சரித்தார். இதில் எழுத வந்தவரைத் தடுத்தவள் நான் என்று முடித்துக் கையெழுத்துப் போட்டேன். குழுவிடம் இதைத்தான் கொடுப்பேன் என்று மேனேஜரிடம் காட்டினேன்.

"வேலை போயிருமுங்க சிஸ்டர்" என்றார்.

"போனா போகட்டும்" என்றேன்.

இதனால் உனக்கு இனி ஆகப்போவது ஒன்றுமில்லை. நீ உயிரோடு இருக்கும்போது வந்திருக்க வேண்டிய வரி இது. ஒரு நாளாவது கத்தாமல் போய்விட்டாயே என்று உன் மேல் இன்னும் கோபம்தான். என் மேல் அதைவிட அதிகம். இரண்டையும் வைத்துக்கொண்டுதான் தினமும் வார்டுக்குள் நுழைகிறேன்.