ஒரு சாண் பெரிய டயர்

அன்பு மகளே,

நீ அங்கே உடம்புக்கு ஒன்றுமில்லாமல், வேளைக்குச் சாப்பிட்டு, வேலையும் கையுமாக இருக்கிறாய் என்று நம்பிக்கொண்டு இதை எழுதுகிறேன். போனில் கேட்டால் நன்றாக இருக்கிறேன் என்றுதான் சொல்கிறாய், ஆனால் கேள்வியை நான் முடிப்பதற்குள் சொல்லிவிடுகிறாய், அதனால் பாதிதான் நம்புகிறேன். இங்கே நாங்கள் மூவரும் நலம். சலவைக்கூடத்தில் இரண்டு மிஷினும் ஓடுகின்றன, அப்பா வழக்கம்போல இஸ்திரி மேசையை விட்டு நகர்வதில்லை, அவருடைய முழங்கால் வலி மட்டும் மாத்திரை போட்டால் குறைகிறது என்கிறார், மாத்திரையைப் போடுகிறாரா என்பது எனக்குச் சந்தேகம்தான். போன மாதம் நீ இரண்டு தடவை டிரைவர் அண்ணன் எப்படி இருக்கிறார் என்று கேட்டாய், இரண்டு தடவையும் நான் லைன் சரியில்லை என்று சொல்லிப் பேச்சை மாற்றினேன். லைன் நன்றாகத்தான் இருந்தது. அவர் இப்போது நம்மிடம் வேலையில் இல்லை. அது என்னால்தான் ஆனது, அதை உன் தம்பி வாயால் அரைகுறையாக நீ கேட்பதைவிட நானே எழுதிவிடுவது மேல்.

நம் பிக்கப் வண்டியில் தார்ப்பாய்க்குக் கீழே தண்ணீர் இறங்கி ஆஸ்பத்திரி விரிப்புகள் நனைந்து, இரண்டு முறை திருப்பி அனுப்பினார்கள் என்று சொல்லியிருந்தேன் அல்லவா. அதற்குப் பின்னால் ஒரு பெட்டி அடித்துக்கொண்டு வருகிறேன் என்று உன் தம்பி வண்டியை வெல்டிங் பட்டறைக்கு ஓட்டிப் போனான். நாலு நாள் கழித்து வந்து நின்றது நம் வண்டியே இல்லை. பெட்டி, டிரைவர் தலைக்கு மேல் இன்னொரு ஆள் நிற்கும் உயரம். முன்னால் தடித்த இரும்புக் கம்பியில் ஒரு தடுப்பு, யார்மேல் மோதப் போகிறோம் என்று அப்பா கேட்டார். ஸ்பிரிங்கை உயர்த்தி, டயரையும் பெரிதாகப் போட்டிருந்தான், நான் ஏறுவதற்கு ஸ்டூல் தேவைப்பட்டது. பெட்டி மழைக்கு, டயர் எதற்கு என்றேன், பள்ளம் மேடு தெரியாதும்மா என்றான், அவன் முகத்தைப் பார்த்தால் பள்ளத்துக்காகப் போட்ட மாதிரி இல்லை, தெருவில் நாலு பேர் திரும்பிப் பார்ப்பதற்குப் போட்ட மாதிரி இருந்தது. டிரைவர் ஒரு சுற்றுச் சுற்றி வந்து, டயரைக் காலால் அழுத்திப் பார்த்து, "டீசல் குடிக்கும்" என்றார். அவ்வளவுதான். அரை வார்த்தை என்று நீ அவருக்குப் பெயர் வைத்தது சரியாகத்தான் இருந்தது.

என் வழக்கம் உனக்குத் தெரியும். வண்டி கிளம்பும்போதும் திரும்பும்போதும் மீட்டரைப் பார்த்து எழுதி வைப்பேன். கூடத்திலிருந்து ஆஸ்பத்திரி, அங்கிருந்து இரண்டு லாட்ஜ், திரும்பக் கூடம், இது ஒன்பது வருஷமாக அறுபத்திரண்டு கிலோமீட்டர், அதற்கு நாலு லிட்டர். பெட்டி வந்த முதல் வாரமே டீசல் ஐந்து லிட்டர் ஆனது. சரி, குடிக்கும் என்று அவரே சொன்னாரே என்று விட்டிருப்பேன். ஆனால் மீட்டர் ஐம்பத்தாறு காட்டியது. எனக்கு மூக்கு வியர்த்துவிட்டது. ஓடியது குறைவாம், குடித்தது அதிகமாம், எந்த ஊர் நியாயம் இது. இரண்டையும் சேர்த்து வைத்துப் பார்த்தால் ஒன்றே ஒன்றுதான் தோன்றியது, நடுவில் எங்கேயோ மீட்டர் ஒயரைக் கழற்றிவிட்டு அந்தப் பெரிய பெட்டியில் வேறு யாருக்கோ லோடு அடிக்கிறார். கேட்டேன். "டயர் பெருசாச்சுல்லம்மா, மீட்டர் கம்மியாத்தான் காட்டும்" என்றார். அவர் வாயிலிருந்து முழு வாக்கியம் வந்ததே எனக்கு இன்னும் சந்தேகமாகிவிட்டது. பெரிய டயர் போட்டால் தூரம் குறையுமா, யாரிடம் கதை விடுகிறார் என்று நினைத்துக்கொண்டேன். அப்பா மட்டும், ஒன்பது வருஷம் எடுக்காதவன் இப்பதான் எடுப்பானா என்றார். ஒன்பது வருஷம் எடுக்கலைன்னு யார் பார்த்தது என்று கேட்டு அவர் வாயை அடைத்தேன்.

அதன் பிறகு நான் செய்ததெல்லாம் எழுதக் கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன். டேங்க் மூடிக்குப் பூட்டு வாங்கிப் போட்டு, சாவியை அவர் கண்ணெதிரே முந்தானையில் முடிந்துகொண்டேன். அடுத்த வாரம் ஒரு வாடகைக் காரைப் பிடித்து, கூடத்து வாசலிலிருந்தே அவர் பின்னாலேயே போனேன். இரண்டாவது லாட்ஜைத் தாண்டி ஒரு குடோன் ஓரமாக வண்டியை நிறுத்தினார். மாட்டினாய் என்று காரை ஓரமாக நிறுத்தச் சொன்னேன். இறங்கி, பெட்டிக் கதவின் கொண்டி ஆடிக்கொண்டிருந்ததைக் கம்பி போட்டு முறுக்கிக் கட்டினார், கையைத் துடைத்துக்கொண்டு ஏறினார், நேராகக் கூடத்துக்கு வந்துவிட்டார். அன்றைக்கும் மீட்டரில் ஐம்பத்தாறுதான். எனக்கு அப்போதாவது உறைத்திருக்க வேண்டும். நான் பின்னால் வருவது தெரிந்து ஒழுங்காக வந்திருக்கிறார் என்று நினைத்தேனே தவிர, முழுச் சுற்றையும் நானே கண்ணால் பார்த்தேன், மீட்டர் எப்படி ஆறு கிலோமீட்டர் குறைந்தது என்று யோசிக்கவில்லை. சந்தேகம் வந்துவிட்டால் எனக்குக் கண் இருக்கிறது, கணக்கு மறந்துவிடுகிறது. மறுநாள் காலையில் அவர் உள்ளே வந்து, மடித்து வைத்திருந்த தலையணை உறைகளின் மேல் வண்டிச் சாவியை வைத்தார். "நேத்து கண்ணாடியில உங்களைப் பார்த்தேம்மா" என்றார். செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

உன் தம்பி ஓட்டினான், நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். மூடியில் பூட்டு, சாவி என்னிடம், ஒயரைத் தொட ஆளில்லை. ஒரு சுற்று முடிந்து பார்த்தால் ஐம்பத்தாறு, ஐந்து லிட்டர். வண்டியை நேராக டயர் கடைக்கு விடு என்றேன், நாளைக்குப் போகலாம்மா என்றான், அப்போதே அவன் முகம் சரியில்லை. டயர்காரர் நம் பழைய டயர் ஒன்றை உருட்டிக்கொண்டு வந்தார், சுண்ணக்கட்டியால் ஒரு கோடு போட்டு, கோடு தரையைத் தொடும் இடத்திலிருந்து மறுபடி தொடும் இடம் வரை உருட்டினார். புதுசையும் அதே போல் உருட்டினார். புதுசு கிட்டத்தட்ட ஒரு சாண் தள்ளிப் போய் நின்றது. மீட்டர் எண்ணுவது தூரத்தை இல்லை, சக்கரத்தின் சுற்றை, பெரிய சக்கரம் குறைந்த சுற்றிலேயே ஊரைச் சுற்றி வந்துவிடும், வண்டி அறுபத்திரண்டு ஓடியிருக்கும், மீட்டருக்கு ஐம்பத்தாறுதான் தெரியும் என்றார். அப்படியானால் மிச்ச டீசல் எங்கே போனது என்றேன். பெட்டியின் நெற்றியில் கையால் அறைந்து காட்டினார், இது காற்றை முட்டிக்கொண்டே போகிறது, போதாததற்கு இரும்பின் கனம், டயரின் கனம், எல்லாம் சேர்ந்து குடிக்கிறது என்றார். பிறகு சாதாரணமாகச் சொன்னார், "இதையெல்லாம் டயர் மாட்டுற அன்னிக்கே உங்க பையன்கிட்ட சொன்னேனே".

திரும்பிப் பார்த்தேன், உன் தம்பி முகத்தில் ஈயாடவில்லை. தெரிந்திருக்கிறது, மகளே. வாரக்கணக்காக அந்த மனுஷனை நான் கண்கொத்திப் பாம்பாகப் பார்த்துக்கொண்டிருந்தேன், இவன் பக்கத்தில் நின்று விரிப்பு மடித்துக்கொண்டிருந்தான். வீட்டுக்கு வந்து கேட்டால், முதலில் டயரைக் கழற்றச் சொல்லிவிடுவீர்கள் என்று சொல்லவில்லை, அப்புறம் நீங்கள் பூட்டு வாங்கி வந்ததும் சொல்லப் பயமாகிவிட்டது என்றான். அப்பா அன்றைக்கு அவனிடம் பேசவில்லை, என்னிடமும் பேசவில்லை. அவர் என்னோடு பேசாதது எனக்கு நியாயமாகத்தான் பட்டது.

மறுநாளே இருவரும் டிரைவர் வீட்டுக்குப் போனோம். உன் தம்பியைத்தான் முதலில் பேசச் சொன்னேன், தலையைக் குனிந்துகொண்டே எல்லாவற்றையும் சொன்னான். நானும் என் பங்கைச் சொன்னேன், திரும்பி வாருங்கள் என்று கேட்டேன். அவர் மனைவி தண்ணீர் கொடுத்தாள், உட்காருங்கள் என்று மட்டும் சொல்லவில்லை. அவர் கேட்டு முடித்து, "பூட்டு போட்டதுகூடப் பெருசில்லம்மா. நான் சொன்னப்ப ஒரு தடவை டயரைத் திரும்பிப் பார்த்திருக்கலாம்" என்றார். ஆஸ்பத்திரியின் சொந்த வண்டியில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாராம். வரமாட்டேன் என்று கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

பழைய டயரை மாட்டிவிட்டோம், முன் கம்பியைக் கழற்றிவிட்டோம், பெட்டியின் உயரத்தை வெட்டி நெற்றியைச் சரிவாக்கச் சொன்னேன். மீட்டர் மறுபடி அறுபத்திரண்டு காட்டுகிறது, லிட்டருக்குப் பதினாலு கிடைக்கிறது, பழைய பதினைந்தரை இனி வராது என்கிறார்கள். வண்டியை உன் தம்பிதான் ஓட்டுகிறான், மூட்டையும் அவனேதான் ஏற்றி இறக்குகிறான், நான் கூடப் போகிறேன். ஆஸ்பத்திரிப் பின்வாசலில் தினமும் அவரைப் பார்க்கிறேன். முதல் வாரம் அவர் திரும்பவே இல்லை, நானும் அழுக்குத் துணி மூட்டைகளை இரண்டு தரம் எண்ணிக்கொண்டிருந்தேன். போன வியாழக்கிழமை உன் தம்பி சரிவில் ரிவர்ஸ் எடுக்கத் திணறினான், பின்னால் ஆம்புலன்ஸ் ஹாரன் அடித்தது. அவர் தம் வண்டியிலிருந்து இறங்கி வந்தார், நம் வண்டியின் பக்கத்தைத் தட்டி, கையைக் காட்டி, அங்குலம் அங்குலமாக உள்ளே கொண்டுவந்து நிறுத்தினார். போகும்போது என் பக்கம் குனிந்து, "பின்னாடி ரெண்டுலயும் காத்து கம்மி" என்றார். எனக்குப் பார்க்க ஒன்றும் குறைவாகத் தெரியவில்லை. அளந்து பார்க்கலாமா என்று உன் தம்பி கேட்டான். வேண்டாம், காற்றைப் பிடி என்றேன்.

உடம்பைப் பார்த்துக்கொள், உன்னோடு இருப்பவர்களிடம் நல்லபடியாக நடந்துகொள், உன் கையால் தொட்டது எல்லாம் நன்றாக வரட்டும் என்று நானும் அப்பாவும் மனதார வாழ்த்துகிறோம். கண்ணுக்குக் கண்ணாடி மாற்ற வேண்டும் என்றாயே, ஒத்திப் போடாமல் போய் வா, போனேன் என்று சும்மா சொல்லாதே, டாக்டர் சீட்டைப் படம் எடுத்து அனுப்பு.

என்றும் உன் நினைவாக,
அம்மா