பிரித்து அனுப்பிய சத்தம்

பார்சல் ஆபீஸ் மகாராணிக்கு,

சாப்பாடு அடுப்புப் பக்கத்தில் மூடியிருக்கிறது. மாமா ஆறு மணிக்குப் படம் பார்க்க வருகிறார். போன ஞாயிறு ஊமைப்படம் பார்த்துவிட்டுப் போன மனுஷன், பாவம். டிஸ்க் பிளேயர் செட்டிங்கைத் தொடாதே. நேற்று நீ வைத்த பிசிஎம்மிலேயே இருக்கட்டும்.

நேற்று நீ செட்டிங்கில் கை வைத்ததும் நான் கத்தியது தப்புதான். ஒரு வாரமாக பிட்ஸ்ட்ரீம்தான் உசத்தி என்று ஒற்றைக்காலில் நின்றேன். ஸ்பீக்கர் வாயே திறக்கவில்லை. பிளேயர் கெட்டுவிட்டது என்று கடைக்காரரோடு சண்டை வேறு. நீ கையேட்டை ஒரே தடவை புரட்டினாய்.

"பிட்ஸ்ட்ரீம்னா பார்சலைப் பிரிக்காம ஆம்ப்ளிஃபயருக்கு அனுப்புறதுங்க. நம்ம பழைய ஆம்ப்ளிஃபயருக்கு இந்தப் புது டிஸ்க் சத்தத்தைப் பிரிக்கத் தெரியல. பிளேயரே பிரிச்சு அனுப்பட்டும், அதான் பிசிஎம்" என்று சொல்லி இரண்டு பட்டனை அமுக்கினாய். படத்து மழை அறை முழுக்கக் கொட்டியது. என்ன மூளை உனக்கு! எனக்குத்தான் பாராட்ட வாய் வரவில்லை.

(ஓரத்தில் எழுதுகிறேன், அடியில் இடமில்லை.) காலையில் நீ கிளம்பியதும் பிட்ஸ்ட்ரீமுக்கு ஒரு தடவை மாற்றிப் பார்த்தேன். மூச்சுப் பேச்சில்லை. திரும்ப நீ வைத்தபடியே வைத்துவிட்டேன்.

இன்னொன்று. "மாப்பிள்ளை சரி பண்ணிட்டாரா?" என்று மாமா கேட்பார். வழக்கம்போல எனக்காக ஆமாம் போடாதே. வேலை முடிந்து எட்டு மணிக்கு வந்ததும் நானே சொல்கிறேன்: "நான் இல்ல மாமா, உங்க பொண்ணு."