திரையைப் பார்த்துக் கையால் எழுதிய மனு

போன சனிக்கிழமை நம் பாயின் டைப்பிங், ஜெராக்ஸ் கடைக்குப் புது கம்ப்யூட்டர் வந்து இறங்கியது. அட்டைப்பெட்டியைப் பிரித்ததும் அந்தப் புது பிளாஸ்டிக் வாசம் குப்பென்று வந்தது. மெக்கானிக் ஒயர்களை மாட்டி, நாம் மனு அடிக்கிற பக்கத்தைத் திறந்து காட்டிவிட்டுப் போனார். மேலே இடது மூலையைப் பார்த்தேன். அந்த உருண்டை இல்லை. எடுத்துவிட்டார்கள்.

நீ கண்ணை மூடி நாலு மாதம் ஆகிறது. இதை யாரிடம் சொல்வது? அந்த உருண்டையைத் தேடி நாம் பட்ட பாடு உனக்கும் எனக்கும்தானே தெரியும். அதனால்தான் உனக்கே எழுதுகிறேன்.

தொண்ணூற்றாறில் நான் அந்தக் கடையைக் கூட்டிப் பெருக்க வந்தபோது நீ தட்டச்சு மிஷினில் உட்கார்ந்திருந்தாய். பெரம்பலூர் கலெக்டர் ஆபீசுக்குப் போகிறவர்கள் எல்லாம் நம் கடையில் மனு அடித்துக்கொண்டுதான் போவார்கள். அப்புறம் எனக்கு ஜெராக்ஸ் மிஷின் வந்தது, உனக்கு கம்ப்யூட்டர் வந்தது. நம் இருவருக்கும் ஒரே வயதுதான். ஆனாலும் முதல் வருஷம் முழுக்க உன்னை 'வாங்க போங்க' என்றுதான் கூப்பிட்டேன். "என்னைக் கெழவி ஆக்காத புள்ள" என்று நீ சொன்ன பிறகுதான் 'நீ' வந்தது.

நீ கம்ப்யூட்டரில் வேலை செய்வதைப் பார்ப்பதே தனி அழகு. தமிழில் விரல் ஓடும். இங்கிலீஷ் எழுத்துக் கூட்டித்தான் படிப்பாய். மேலே வரிசையாக இருந்த இங்கிலீஷ் வார்த்தைகளை நீ படித்ததே இல்லை. அடுப்படியில் உப்பு எங்கே, மிளகாய் எங்கே என்று கைக்குத் தெரிகிற மாதிரி உன் கைக்கு இடம் தெரியும். முதல் வார்த்தை, அதற்குக் கீழே இறங்கினால் ஏழாவதோ எட்டாவதோ, அங்கே ஒரு தட்டு. பிரிண்ட் வந்துவிடும். எட்டு வருஷம் அப்படித்தான் ஓடியது.

பெரம்பலூரிலிருந்து அரியலூர் மறுபடியும் தனி மாவட்டமாகப் பிரிந்த சமயம் அது. பாயின் மகன் துபாயிலிருந்து வந்திருந்தார். பழைய பெட்டியைத் தூக்கிவிட்டுப் புதுசு ஒன்றை வாங்கி வைத்தார். நீ அதைத் திறந்ததும் அப்படியே உட்கார்ந்துவிட்டாய். மேலே இருந்த வரிசையைக் காணோம். அதற்குப் பதில் ஒரு சாண் அகலத்துக்குப் படம் படமாக என்னென்னவோ இருந்தன. பிரிண்டர் படத்தையும் காணோம். உன் முதல் வார்த்தை இருந்த இடத்தில் கலர் கலராக ஒரு உருண்டை மட்டும் இருந்தது.

பாய் நல்ல மனிதர். ஆனாலும் கடை நடத்துகிறவர். அன்று சாயங்காலம் உன்னைக் கூப்பிட்டார். "தப்பா நெனச்சுக்காதம்மா. காலேஜ் முடிச்ச புள்ள ஒண்ணு இருக்காம், அதுக்கு இதெல்லாம் தண்ணி பட்ட பாடுன்னு மவன் சொல்றான். வர்ற சனிக்கெழம வரைக்கும் பாப்போம். அதுக்குள்ள உனக்குப் புடிபட்டுச்சுன்னா நல்லது."

"சரிங்க பாய்" என்றாய். உன் வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்து அப்போது மூன்று வருஷம். உன் மகள் ஒன்பதாவது படித்துக்கொண்டிருந்தாள். அந்த நாற்காலி போனால் உன் ஊர் குரும்பலூரில் உனக்குக் களை எடுக்கிற வேலைதான் இருந்தது. நீ சொல்லாவிட்டாலும் எனக்குத் தெரியும்.

மறுநாள் திங்கட்கிழமை, மனு நாள். காலையிலேயே கூட்டம். ஆலத்தியூரிலிருந்து ஒரு கிழவி வந்திருந்தார். தெருக்குழாயில் தண்ணீர் வரவில்லை என்று மனு.

"யாருக்கு அம்மாயி எழுதணும்?"

"பெரம்பலூர் கலெக்டருக்குத்தான் ஆத்தா, எப்பவும் போல."

"இனிமே உங்க ஊரு அரியலூர் மாவட்டம். உங்க கலெக்டரும் அங்கதான். இத எடுத்துக்கிட்டு பத்து மணி பஸ்ஸப் புடிச்சு அங்க போங்க."

"நேத்து வரைக்கும் இங்கதானடி இருந்தாரு!"

"என் பொட்டியும் நேத்து வரைக்கும் வேற மாதிரிதான் இருந்துச்சு அம்மாயி. என்ன பண்றது."

எல்லாரும் சிரித்தார்கள். நீயும் சிரித்துக்கொண்டே அடித்து முடித்தாய். அப்புறம்தான் சிரிப்பு நின்றது. பிரிண்ட் எடுக்க வழி தெரியவில்லை. உன் கை பழைய இடத்துக்கே போய்ப் போய்த் திரும்பியது. மணி ஒன்பதரை. நான் உன் காதில் சொன்னேன், "எதிர்க்கடைக்கு அனுப்பிடு புள்ள, பாய் வர்றதுக்குள்ள." அவர்கள் கடையில் பழைய பெட்டிதான்.

நீ எழுந்து நின்றாய். அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னாய். "இந்தப் பொட்டி எனக்குப் புதுசுங்க. அடிக்கத் தெரியுது, பிரிண்ட் எடுக்கத் தெரியல. அவசரம்னா எதிர்க்கடைக்குப் போங்க, நல்லா அடிச்சுக் குடுப்பாங்க. இருக்கறவங்களுக்கு நான் கையால எழுதித் தரேன்."

இரண்டு பேர் போனார்கள். கிழவி நகரவில்லை. நீ வெள்ளைத்தாளை எடுத்து, திரையில் இருந்ததைப் பார்த்துப் பார்த்துப் பேனாவால் எழுத ஆரம்பித்தாய். நான் ஜெராக்ஸ் போட்டுக் கொடுத்தேன். அந்த நேரம் பார்த்து, வேப்பமரத்தடியில் உட்கார்ந்து மனு எழுதுகிற கோவிந்தண்ணன் நகல் எடுக்க வந்தார்.

"ஏம்மா, இத்தன வருசமா என் பொழப்பக் கெடுத்தது போதாதுன்னு, இப்ப என் தொழிலுக்கே வந்துட்டியா?"

நீ தலையைத் தூக்கவில்லை. "ஆமாண்ணே. நல்ல பேனா இருந்தா ஒண்ணு குடுங்க, இது மை கக்குது."

அவர் சிரித்துக்கொண்டே கொடுத்தார். கிழவி பத்து மணி பஸ்ஸைப் பிடித்துவிட்டார். ஆனால் அதற்குள் பாய் வாசலில் வந்து நின்றிருந்தார். "கம்ப்யூட்டரப் பாத்துக் கையால எழுதுற ஆள இன்னிக்குத்தாம்மா பாக்குறேன்" என்றார். அவர் சிரிக்கவில்லை.

செவ்வாய், புதன், வியாழன். ஜெராக்ஸில் வீணான தாள்களின் பின்பக்கத்தில் அந்தத் திரையை அப்படியே வரைந்தாய். ஒவ்வொரு படமாகத் தட்டிப் பார்த்து, அது என்ன செய்கிறது என்று பக்கத்தில் தமிழில் எழுதினாய். கத்தரிக்கோல் வெட்டும். பிரஷ் ஒரு வரியின் அழகை இன்னொரு வரிக்குப் பூசும். மூலையில் இருந்த உருண்டையையும் வரைந்து, பக்கத்தில் 'கம்பெனி முத்திரை' என்று எழுதினாய். நாம் தாளின் தலையில் பிள்ளையார் சுழி போடுவது போல அவர்கள் தங்கள் சுழியைப் போட்டிருக்கிறார்கள் என்றுதான் இரண்டு பேரும் நினைத்தோம். அதைப் போய் யாராவது தட்டிப் பார்ப்பார்களா?

வெள்ளிக்கிழமை நீ டீ வாங்கப் போயிருந்தாய். நான் மேசையைத் துடைத்தேன். துணி பட்டு மவுஸ் இழுபட்டுப் போனது, அதைப் பிடிக்கப்போய் எங்கேயோ அழுத்திவிட்டேன். உருண்டை பிளந்துகொண்டு பெரிய பட்டியல் ஒன்று கீழே விழுந்தது.

"ஐயோ, நான் ஒண்ணும் பண்ணல!" என்று கத்தினேன்.

டீயோடு ஓடி வந்தாய். "கைய எடுக்காத! அப்படியே இரு!" என்று சொல்லிவிட்டுக் குனிந்து பார்த்தாய். அதில் பிரிண்டர் படம் இருந்தது. உன் முதல் வார்த்தைக்குள் இருந்த அத்தனையும் அந்த உருண்டைக்குள் இருந்தன. டீ முழுவதும் என் முதுகில் கொட்டியது தெரியாமல் என்னைக் கட்டிப்பிடித்தாய்.

ஜும்மா தொழுகை முடிந்து பாய் வந்தபோது பிரிண்டர் மளமளவென்று ஓடிக்கொண்டிருந்தது. "மாஷா அல்லாஹ்! நீயே கண்டுபுடிச்சுட்டியாம்மா?" என்றார்.

நீ தலையை ஆட்டினால் போதும். அவருக்குப் பின்னால் நின்று, ஆட்டு ஆட்டு என்று நான் ஜாடை காட்டினேன்.

"நான் கண்டுபுடிக்கல பாய். ராஜாத்தி கண்டுபுடிச்சா. அவ இல்லன்னா இன்னும் தேடிக்கிட்டுத்தான் இருப்பேன்."

பாய் என்னைப் பார்த்தார், உன்னைப் பார்த்தார். மேசையில் இருந்த தாள்களை எடுத்தார். "இத யாரு வரைஞ்சது?" "அது நான்." ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தார். கடைசியில் சொன்னார், "அந்தப் புள்ளைய வர வேணாம்னு சொல்லிடறேன். இத ராஜாத்திக்கும் சொல்லிக்குடு. ரெண்டு பேருக்குத் தெரிஞ்சிருக்கறது நல்லது."

பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தபோது உன்னைத் திட்டிக்கொண்டே வந்தேன். பிழைக்கத் தெரியாதவள், இருந்த நாற்காலியை வாயாலேயே கெடுத்துக்கொள்ளப் பார்த்தாயே என்றேன். நீ முறுக்கைக் கடித்துக்கொண்டே சொன்னாய், "நீ கண்டுபுடிச்சத நான்னு சொல்லிட்டு, உன் பக்கத்துலயே தினம் எப்படி உக்காந்திருப்பேன்?"

அன்றிலிருந்துதான் நான் டைப் அடிக்கக் கற்றேன். உனக்கு உடம்பு முடியாமல் போனதும் உன் நாற்காலியில் நான் உட்கார்ந்தேன். ஆஸ்பத்திரியில் நீ அதைப் பற்றிக் கேட்டபோது நான் அழுதுவிட்டேன். நீதான் என் கையைத் தட்டிக் கொடுத்தாய். படுத்திருந்தவள் நீ, ஆறுதல் எனக்கு.

இன்று திங்கட்கிழமை. புதுப் பெட்டியில் முதல் மனு நாள். ஒன்பது பேர் நின்றார்கள். எழுந்து நின்று சொன்னேன், "இது எனக்குப் புதுசுங்க. இன்னும் சரியாத் தெரியாது, பாத்து அடிச்சுத் தரேன்." ஒரு பெரியவர், "நிதானமாப் பாரும்மா, எனக்குப் பஸ்ஸு ஒரு மணிக்குத்தான்" என்றார். மற்றவர்களும் நின்றார்கள்.

உன்னிடம் ஒரு பொய் சொல்லியிருக்கிறேன். வீட்டுக் கஷ்டத்தால் படிப்பு நின்றது என்று சொன்னேன் அல்லவா? அது இல்லை. ஆறாவதில் டீச்சர் போர்டில் இங்கிலீஷில் எழுதியதைப் படிக்கச் சொன்னார். எனக்குப் படிக்க வரவில்லை. வரவில்லை என்று சொல்ல வெட்கப்பட்டு, பையை அங்கேயே போட்டுவிட்டு ரஞ்சன்குடிக் கோட்டை வரைக்கும் ஓடினேன். மறுபடி போகவே இல்லை. அப்பா அடித்தார், அப்போதும் போகவில்லை.

இன்று ஒன்பது பேர் முன்னால் தெரியாது என்று சொன்னேன். சொல்லிவிட்டு அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.