ஏறக்கூடாத கோபுரம்

ஜூன் 19, 2019, புதன்

இருபத்திரண்டு கொடுத்தார். வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

கட்டட நிலையியல், வாய்மொழித் தேர்வு. முப்பதுக்குப் பதினெட்டு இருந்தாலே தேர்ச்சி. பேராசிரியர் தொண்டினி பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு, "இருபத்திரண்டு. ஏத்துக்கிறீங்களா?" என்றார். மதிப்பெண் பிடிக்காவிட்டால் மறுத்துவிட்டு அடுத்த மாதம் மறுபடி வரலாம். இங்கே எல்லாரும் செய்வதுதான். அறைத்தோழி இலாரியா காலையிலேயே சொல்லி அனுப்பினாள்: "இருபத்தஞ்சுக்குக் கீழே குடுத்தா வாங்கிடாதேடி. நான் மூணு தடவை வேண்டாம்னு சொல்லியிருக்கேன், என்ன குறைஞ்சுபோச்சு?" நானும் பெரிய மனுஷி மாதிரி வேண்டாம் என்றேன். அவர் பேனாவை மூடினார். எனக்குக் கொஞ்சம் கர்வமாகக்கூட இருந்தது.

அப்பாவிடம் போனில் "எல்லாத்துலயும் பாஸ்" என்று சொல்லிவிட்டேன். ஜூலையில் உண்மையாகிவிடும்தானே?

ஜூலை 17, புதன்

போச்சு.

ஜூன் மாதம் கேட்ட அதே கேள்வி. தெரிந்த பதில். வாய் திறக்கவில்லை. தொண்டினி தண்ணீர் கொடுத்தார், காத்திருந்தார், பிறகு "செப்டம்பர்ல வாங்க" என்றார். நல்ல மனிதர்தான். ஆனால் செப்டம்பரில் வந்து நான் என்ன செய்ய? ஆகஸ்ட் பத்துக்குள் இந்தப் பாடம் முடிந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் உதவித்தொகை இல்லை, விடுதி அறை இல்லை. பெட்டியைக் கட்டிக்கொண்டு, கடல் தாண்டிச் சொந்த ஊர் ஷ்கோடருக்கே போக வேண்டியதுதான்.

"உனக்கு இப்படி ஒரு தேதி இருக்குன்னு சொல்லவே இல்லையேடி!" என்று இலாரியா அழுதாள். அவளுக்குத் தேதி கிடையாது. வேண்டாம் என்று சொல்ல அவளுக்கு வசதி இருந்தது. எனக்கு எங்கே இருந்தது? கையில் இருந்ததைத் தட்டிவிட்டேனே, லூசு, லூசு.

ஜூலை 25

உதவித்தொகை அலுவலகத்தில் தவணை கேட்டேன். "விதி எல்லாருக்கும் ஒண்ணுதான், கண்ணு" என்றாள் அங்கே இருந்த அம்மாள். கண்ணு என்று சொல்லாமலாவது இருந்திருக்கலாம்.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

அப்பா வந்துவிட்டுப் போனார்.

சொல்லாமல் கொள்ளாமல். அவர் நண்பரின் லாரி இங்கே பொலோனியாவுக்குச் சரக்கு ஏற்றி வந்ததாம், தொற்றிக்கொண்டு வந்துவிட்டார். சாயங்காலம் அதே லாரியில் திரும்ப வேண்டும். கல்யாணத்துக்குப் போடும் கோட்டு, கையில் துணி சுற்றிய கீரை ரொட்டி. "ஊரைச் சுத்திக் காட்டு, எஞ்சினியரம்மா" என்றார்.

என்னத்தைக் காட்டுவது? பத்து மாதத்தில் எனக்குத் தெரிந்தது மூன்று தெரு. விடுதி, வகுப்பு, நூலகம். படிப்பு முடியட்டும், பிறகு நிதானமாகப் பார்க்கலாம் என்று இருந்தேன். வழி தெரிந்தவள் மாதிரி முன்னால் நடந்தேன். இரண்டு தடவை ஒரே தெருவுக்கு வந்தோம். அவர் கண்டுபிடித்தாரோ என்னவோ.

பெரிய தேவாலய முகப்பில் கீழ்ப்பாதி பளிங்கு, மேல்பாதி வெறும் செங்கல். அறுநூறு வருஷமாக அப்படியே கிடக்கிறது. முப்பது வருஷமாகக் கொத்தனார் வேலை பார்க்கும் அப்பா சும்மா இருப்பாரா? "கூலி குடுக்காம விட்டிருப்பானுங்க. நான் பண்ணியிருந்தா வீட்டுக்காரன் என்னை உதைச்சிருப்பான்" என்று உரக்கச் சிரித்தார். நானும் சிரித்தேன். இன்று அந்த ஒரு தடவைதான்.

எதிரே பழைய மாளிகையின் வளைவு. ஒரு மூலையில் சுவரைப் பார்த்து முணுமுணுத்தால் எதிர்மூலையில் கேட்கும். அவரை ஒரு மூலையில் நிறுத்திவிட்டு நான் மற்றதில் நின்றேன்.

"லெடியா, கேக்குதா?"

"கேக்குதுப்பா."

"நெசமாவே நல்லா இருக்கியா? உங்கம்மா கேக்கச் சொன்னா."

என் முகம் சுவரில் இருந்தது. அவருக்குத் தெரியாது, யாருக்கும் தெரியாது. சொல்வதென்றால் அங்கேதான் சொல்லியிருக்க வேண்டும். "நல்லா இருக்கேன்ப்பா" என்றேன். அதையும் சுவர் ஒழுங்காகக் கொண்டுபோய்ச் சேர்த்தது.

பிறகு ஊர் நடுவில் நிற்கும் பழைய காவல் கோபுரம், உச்சிவரை படி. வரிசை நகர்ந்ததும் நான் ஒதுங்கிக்கொண்டேன்.

"வா, பயமா?"

"நான் ஏறக்கூடாதுப்பா. படிப்பு முடிக்காம ஏறினா பட்டம் கிடைக்காதாம். இங்க படிக்கிறவங்க யாரும் ஏற மாட்டாங்க."

எதற்குச் சொன்னேன்? பேசாமல் ஏறியிருந்தால் அவருக்கு என்ன தெரிந்திருக்கும்? எல்லாம் முடிந்த பிறகும் எதையோ நம்பிக்கொண்டிருக்கிறேனா?

அப்பா குறுக்கே கை நீட்டி என்னைப் பின்னால் தள்ளினார். "அப்பக் கிட்டக்கூடப் போகாதே! தள்ளி நில்லு!" பிறகு, "பட்டம் வாங்கின அன்னிக்கு ஏறு. மேலேருந்து எனக்குப் போன் பண்ணு. சாரத்து மேல நின்னாலும் எடுப்பேன்."

முட்டிவலிக்காரர் தனியாக ஏறினார். கீழே ஒரு மணி நேரம் நின்றேன். வேர்த்துக் கொட்டி இறங்கி வந்து, "நானூத்தித் தொண்ணூத்தாறு படி. பலகையில ரெண்டு கூட்டிப் போட்டிருக்கானுங்க திருடனுங்க" என்றார். கோட்டைத் தோளில் போட்டுக்கொண்டு லாரியில் ஏறும்போது, ஊரே நன்றாக இருக்கிறது, நீ கொடுத்துவைத்தவள் என்றார்.

ஆகஸ்ட் 11

தேதி நேற்றோடு முடிந்தது. அறை முழுக்கக் கீரை ரொட்டி வாசனை. கடைசித் துண்டைத் தின்ன மனசு வரவில்லை, பூஞ்சை பிடித்துவிட்டது.

ஆகஸ்ட் 21

இலாரியா, "எங்க வீட்டுல வந்து இரு" என்கிறாள். எத்தனை நாளைக்கு? என்னவென்று?

தினமும் அப்பாவைக் கூப்பிடுகிறேன். தினமும் வானிலை பேசுகிறோம்.

ஆகஸ்ட் 30, வெள்ளி

சாவியைக் கொடுத்துக் கையெழுத்துப் போட்டேன். இரண்டு பெட்டி. கப்பல் ஏற அங்கோனா துறைமுகம் போக வேண்டும், ரயில் மதியம்தான். பெட்டிகளை நிலையத்தில் போட்டுவிட்டு நேரே கோபுரத்துக்கு நடந்தேன். இந்தத் தடவை வழி தவறவில்லை.

மரப்படிகள் தேய்ந்து பள்ளம் விழுந்திருக்கின்றன. ஒரு மூச்சில் ஏறினேன். மேலே சிவப்புக் கூரைகள், கூரைகள், கூரைகள். அழகாகத்தான் இருந்தது, பாவி ஊர். அப்பாவைக் கூப்பிட்டேன்.

"என்ன இரைச்சல்?"

"காத்துப்பா. மேல இருக்கேன்."

"எங்க மேல?"

"கோபுரத்து மேல."

அந்தப் பக்கம் கலவை மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. யாரையோ நிறுத்தச் சொன்னார். நின்றது.

"பட்டத்துக்கு இன்னும் ரெண்டு வருஷம் இருக்கே" என்றார். கேள்வியாகக் கேட்கவில்லை.

"ஆமாப்பா."

அழக்கூடாது என்றுதான் இருந்தேன். முடியவில்லை. பக்கத்தில் நின்ற ஜப்பான்காரர் நகர்ந்து இடம் விட்டார்.

"கப்பல் எத்தனை மணிக்கு வருது?"

"நாளைக்குக் காலைல எட்டு மணிக்கு."

"சாமான் நிறைய இருக்கா?"

"ரெண்டு பெட்டி."

"சரி. துறைமுகத்துல நிக்கிறேன். பாத்து இறங்கு, படி வழுக்கும்."

எண்ணிக்கொண்டே இறங்கினேன். நானூற்றுத் தொண்ணூற்றெட்டு. பலகையில் இருப்பது சரிதான். அப்பாதான் இரண்டை விட்டிருக்கிறார். நாளைக்கு நேரில் சொல்ல வேண்டும்.