பிரிக்காத ஊமைப்படப் பெட்டி

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. நாங்கள் இருவரும் இருக்கிறோம், ‘நலம்’ என்று எழுதத்தான் இன்று பேனா கொஞ்சம் தயங்குகிறது. நீயும் மாப்பிள்ளையும் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும், அவருடைய இருமல் இப்போது குறைந்திருக்கும் என்று நம்புகிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை வீடியோ போனில் நீ ஒரு கேள்வி கேட்டாய். “பெட்டி வந்ததும் வர்றோம், பெட்டி வந்ததும் வர்றோம்னு ஒரு வருஷமா சொல்றீங்களே, அந்தப் பெட்டி எப்பத்தாம்மா வரும்? நூறு வருஷமா வாயே திறக்காத படங்களுக்கு இப்ப என்ன அவசரம்?” என்றாய். அப்பா தோள் குலுங்கச் சிரித்துவிட்டு, வெள்ளைப் பலகையில் ‘அடுத்த மாசம்’ என்று எழுதி உனக்குக் காட்டினார். அவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது என்னால் வேறு பதில் சொல்ல முடியவில்லை. என் போனையும் அவர்தான் எடுத்துப் பார்க்கிறார், ஒளிவுமறைவாக நான் உனக்கு ஒரு வரி அனுப்பவும் வழியில்லை. அதனால் மூக்குக்கண்ணாடியின் கம்பி வளைந்துவிட்டது என்று சொல்லிவிட்டு வந்து, நம் மேல்வீட்டுக்காரி வேலை செய்யும் கண்ணாடிக் கடையில், கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு முக்காலியில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். எழுதி முடித்ததும் தன் போனில் படம் பிடித்து உனக்கு அனுப்பிவிடுவதாகச் சொல்லியிருக்கிறாள். அவளுக்குப் பத்து வயதில் காய்ச்சல் வந்து காது போய்விட்டது என்பது உனக்குத் தெரியும். எதிரில் உட்கார்ந்திருப்பவரின் உதட்டைப் பார்த்தே பேசுகிறாள். தன் குரல் தனக்கே கேட்காததால் ரகசியத்தைக்கூட ஊர் கேட்கச் சொல்வாள். இப்போதும் ஒரு வாடிக்கையாளரிடம், “இந்த பிரேம் உங்க முகத்துக்குப் பொருந்தல சார், ஆந்தை மாதிரி இருக்கு” என்று கத்திக்கொண்டிருக்கிறாள். அவரும் சிரித்துக்கொண்டு வேறு பிரேம் கேட்கிறார்.

அந்தப் பெட்டியைப் பற்றி உனக்குப் பாதிதான் தெரியும். தொண்டை ஆபரேஷனில் குரல் போன பிறகு அப்பா பேசும் படங்களைப் பார்ப்பதையே விட்டுவிட்டார். கேசட் கடை வைத்திருந்த காலத்தில் வாடகைக்குப் படம் எடுக்க வந்தவர்கள், படத்தைவிட அவர் பேச்சுக்காகத்தான் அரைமணி நேரம் நின்றார்கள். அப்படிப்பட்ட மனுஷனுக்குத் திரையில் ஆட்கள் வாயாடுவதைப் பார்த்தால் எரிச்சல் வந்தது. ஊமைப்படத்தில் அந்தத் தொந்தரவு இல்லை, அங்கே எல்லோரும் அவரைப் போலத்தான். அப்போதுதான் இந்த அறிவிப்பு வந்தது. ஊமைப்படக் காலத்தைப் பற்றிய ஆவணப்படம் பல பாகங்களாக, அதனுடன் கீறல் நீக்கிச் சுத்தம் செய்த பழைய படங்கள், எல்லாம் ஒரே பெட்டியில் டிஸ்க்காக வெளிவருகிறது என்று. அன்றே பணம் கட்டிப் பதிவு செய்தார். கம்ப்யூட்டரில் பார்க்கலாமே என்றதற்கு, ‘கையில பிடிச்சாத்தான் சரக்கு’ என்று எழுதினார், கடைக்காரர் புத்தி. பிறகு வெளியீடு தள்ளிப்போனது. ஏதோ கிடங்கில் ஒரு படத்தின் காணாமல் போன சுருள் கிடைத்தது, அதையும் சேர்க்கிறோம் என்றார்கள். அப்புறம் பின்னணி இசை முடியவில்லை என்றார்கள். அப்புறம் அட்டை அச்சில் தப்பு என்றார்கள். ஒவ்வொரு தடவையும் அந்த அறிவிப்பை என்னைப் படித்துக் காட்டச் சொல்லிக் கேட்பார், ‘நல்ல சரக்கு லேட்டாத்தான் வரும்’ என்று எழுதுவார்.

பெட்டியோடு சேர்ந்து வீட்டில் எல்லாமே தள்ளிப்போயின. உன்னிடம் வருவது, குளியலறைக் குழாயை மாற்றுவது, என் பல்லைப் பிடுங்குவது, எல்லாவற்றுக்கும் ‘பெட்டி வரட்டும்’ என்பதே பதில். ஆஸ்பத்திரியில் போய்க் காட்ட வேண்டிய பரிசோதனையும் அந்த வரிசையில் நின்றுவிட்டது. நர்ஸ் இரண்டு முறை கூப்பிட்டாள். அவர் பலகையைத் தூக்கிக் காட்ட, அதில் இருந்ததையே நானும் சொன்னேன். பிடிவாதம் என்றுதான் நினைத்தேன். கழுத்தில் உள்ள துளைக்குத் தூசி ஆகாது என்று ஜன்னல்களை அடைத்தே வைத்திருக்கிறோம். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தெருவில் பழக்காரர் வாயைத் திறந்து திறந்து கூவுகிறார், ஒரு சத்தமும் எங்களுக்கு வருவதில்லை. சமையல் அறையிலிருந்து ஹாலுக்கு, ஹாலிலிருந்து படுக்கை அறைக்கு, இதுதான் என் உலகம். காய் வாங்கப் போனாலும் தாமதமானால் அவர் வாசலில் நிற்பார், கோபமாக இல்லை, பயந்துபோய் நிற்பார். அதைப் பார்த்துவிட்டு அடுத்த முறை நானாகவே ஓடி வந்துவிடுகிறேன். வகுப்பில் ‘இருதலைக் கொள்ளி எறும்பு’ என்று எத்தனை வருஷம் பாடம் நடத்தியிருக்கிறேன், அந்த எறும்புக்கு எப்படி இருக்கும் என்று இப்போதுதான் விளங்குகிறது. விட்டுவிட்டு உன்னிடம் வர முடியாது, விடாமல் இருந்தால் மூச்சு முட்டுகிறது.

மகளே, பெட்டி வந்துவிட்டது. நீ கேள்வி கேட்பதற்கு முந்தின வாரமே வந்தது. நான் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன், கூரியர்காரரிடம் அவரே கையெழுத்துப் போட்டு வாங்கினார். சின்னப் பிள்ளை மாதிரிக் கிழித்துப் பார்ப்பார் என்று ஈரக்கையோடு ஓடி வந்தேன். அவர் அதை இரண்டு கையிலும் ஏந்தி எடை பார்த்தார், முகர்ந்து பார்த்தார், பிறகு கொண்டுபோய் அலமாரியில் கம்பளிகளுக்குப் பின்னால் வைத்துக் கதவைச் சாத்தினார். ‘மககிட்ட இன்னும் வரலைன்னு சொல்லு’ என்று எழுதினார். ஏன் என்று கேட்டேன். ‘நிதானமாப் பார்க்கணும்’ என்றார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறீர்களே, எத்தனை நாளைக்கு என்று கேட்டேன், பலகையைக் கவிழ்த்து வைத்தார். அதைக் கவிழ்த்துவிட்டால் எங்கள் வீட்டில் பேச்சு முடிந்தது என்று அர்த்தம்.

அடுத்த நாள் சாயங்காலம் கண்ணாடிக்காரி வழக்கம்போல் படம் பார்க்க வந்தாள். அப்பா புதுப் பெட்டியை எடுக்காமல், கீறல் விழுந்த பழைய டிஸ்க்கையே போட்டார். அவள் வந்தால் வீடு கலகலவென்று இருக்கும், ஏனென்றால் நடிகர்கள் வாய்க்குள் உண்மையில் என்ன முணுமுணுக்கிறார்கள் என்று அவள் படித்துச் சொல்வாள். அன்று கதாநாயகி மலைமேல் நின்று கண்ணீர் விடுகிறாள், ‘உயிர் உள்ளவரை காத்திருப்பேன்’ என்று வசன அட்டை வருகிறது. இவள், “அட்டையை நம்பாதீங்க டீச்சர், காலைலேருந்து நிக்கிறேன், கால் கடுக்குது, சீக்கிரம் எடுத்துத் தொலைங்கடான்னு சொல்றா” என்றாள். அப்பாவுக்குச் சத்தம் வராத சிரிப்பு, கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கொஞ்ச நேரம் கழித்து, கதாநாயகன் அறைக்குள் ஒளிந்திருக்க, கதவுக்கு வெளியே யாரோ நடக்கிற காட்சி. அவள் திரையைப் பார்ப்பதை விட்டுவிட்டு அப்பா பக்கம் திரும்பி, தன் வழக்கமான குரலில், “எங்க சார் வீங்கியிருக்கு? திரும்பி வந்திடுச்சுன்னு டாக்டர் சொன்னாரா?” என்று கேட்டாள். திரையைப் பார்த்து அவர் சத்தமில்லாமல் வாயசைத்ததை அவள் படித்திருக்கிறாள். அவளைப் பொறுத்தவரை அவர் பேசினார், அவள் கேட்டாள், அவ்வளவுதான். அவர் அவசரமாகப் பலகையை எடுத்து, ‘படத்தைப் பத்திச் சொன்னேன்’ என்று எழுதினார். அவள் விடவில்லை. “படத்துல வீக்கம் எங்க சார் இருக்கு? பணம்னு சொன்னா மனம்னு படிப்பேன், ரெண்டுக்கும் உதடு ஒண்ணுதான், அதுல நான் வழுக்குவேன். பயமா இருக்கு, பயமா இருக்குன்னு ரெண்டு தடவை சொன்னீங்களே, அதுல எப்படி வழுக்குவேன்?” என்றாள். அவர் பலகையைக் கவிழ்த்தார். இவ்வளவு புழுக்கத்திலும் அவர் ஏன் சட்டையின் மேல் பொத்தான்வரை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார் என்று எனக்கு அப்போதுதான் கேட்கத் தோன்றியது.

என் வகுப்பில் ஒரு பெண் இருந்தாள். பரீட்சைத் தாளைக் கொடுத்ததும் பென்சிலைச் சீவத் தொடங்குவாள். முனை உடைந்தது, இன்னும் கூராக வேண்டும் என்று சீவிக்கொண்டே இருப்பாள். எழுதாதவரை தப்பாகாது அல்லவா? ஒரு நாள் பென்சிலே தீர்ந்துபோய்த் திருதிருவென்று விழித்தாள். நான் திட்டவில்லை, என் பேனாவைக் கொடுத்துப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன், முதல் கேள்விக்கு விடை எழுதினாள். அப்பா ஒரு வருஷமாகப் பென்சில் சீவிக்கொண்டிருந்திருக்கிறார். வெளியீடு தள்ளிப்போன ஒவ்வொரு தடவையும் அவர் முகத்தில் பார்த்ததை நான் ஏமாற்றம் என்று நினைத்தேன். பெட்டி வராதவரை டாக்டரிடம் போக வேண்டாம், டாக்டர் சொல்லாதவரை ஒன்றும் இல்லை. இப்போது பெட்டியும் வந்துவிட்டதால் அதை ஒளித்து வைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறார்.

நேற்றுப் பக்கத்தில் போய், “காலரைக் கொஞ்சம் தளர்த்துங்களேன், நான் பார்க்கிறேன்” என்றேன். எழுந்து பால்கனிக் கதவருகே போய் நின்றுகொண்டார், அந்தக் கதவும் பூட்டித்தான் இருக்கிறது. எனக்குப் பலகை, திரைக்கு உதடு என்று பிரித்து வைத்திருக்கிறார் மனுஷர். ‘தண்ணி’, ‘போதும்’ இவை தவிர அவர் உதட்டை நான் படிக்கக் கற்கவும் இல்லை, கற்க அவர் முகத்தைக் காட்டவும் இல்லை. இன்று இங்கே வந்ததும் கடைப் போனிலிருந்து ஆஸ்பத்திரிக்குப் பேசி, ஞாயிறு கழிந்து வரும் வியாழக்கிழமைக்கு நேரம் வாங்கிவிட்டேன். அவரைக் கையைப் பிடித்து இழுத்துப் போக என்னால் ஆகாது. கண்ணாடிக்காரி, “நான் சொல்லிப் பாக்கட்டுமா டீச்சர்?” என்றாள். அவள் சொன்னால் தெருக்கோடிவரை கேட்கும், வேண்டாம் என்றேன். நீ சொன்னால் கேட்பார். சின்ன வயதில் நீ அழுதுகொண்டு வந்தால் கடையை அப்படியே போட்டுவிட்டு வந்தவர்.

நீ கோபப்படாதே, பொய் சொன்னீர்களே என்று ஆரம்பிக்காதே, ஆபீசில் பேசுகிற குரலிலும் பேசாதே. டிக்கெட் பற்றி இப்போது பேச்சே வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை போனில் அவர் எப்போதும்போல் பலகையை முகத்துக்கு முன்னால் தூக்கிப் பிடிப்பார், அதில் ‘சூப்பரா இருக்கேன்’ என்று இருக்கும். ஆபரேஷனுக்குப் பிறகு அவர் வாய் அசைவதை நீ ஒருமுறைகூடப் பார்த்ததில்லை, யோசித்துப் பார். பலகையைக் கீழே வைக்கச் சொல். “நீங்க பேசுங்கப்பா, எனக்குப் புரியும்” என்று சொல். மற்றதை அவர் சொல்வார் என்று நம்புகிறேன். சொல்லிவிட்டால் வியாழக்கிழமை நான் அவரைக் கூட்டிப் போய்விடுவேன், முடிவு எதுவானாலும் அதைக் கேட்டுக்கொண்டு இரண்டு பேருமாகத் திரும்பி வருவோம்.

வேளைக்குச் சாப்பிடு, மாப்பிள்ளையையும் ஒரு தடவை டாக்டரிடம் காட்டு, இருமல்தானே என்று விடாதே. உங்கள் வீட்டில் பேச்சும் சிரிப்பும் என்றும் குறையாமல் இருக்கட்டும், நீங்கள் இருவரும் நீண்ட ஆயுளோடு இருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமைக்குள் ஒன்று மட்டும் செய். கண்ணாடி முன்னால் நின்று, குரல் எழுப்பாமல், ‘பயமா இருக்கு’ என்று மெதுவாகச் சொல்லி, உன் உதட்டைப் பார்.

இப்படிக்கு,
உன் அம்மா