மரநாய் அல்ல என்று நான் எழுதிய மனு

1977 பிப்ரவரி 7, திங்கள்
ஒன்பது மணி வரை மூடுபனி. துவைத்த சேலை காயவில்லை. சாக்பீஸ் தீர்ந்துவிட்டது.

எஸ்டேட் சூப்ரவைசர் தங்கராஜின் தேன்பெட்டிகள் மூன்றும் கவிழ்ந்து கிடக்கின்றன. பள்ளிக்கூட வாசலில் நின்று ஒரே கத்தல். “மரநாய்ச் சனியன் வேலை டீச்சர்! வெல்லத்துல மருந்து உருட்டி வச்சாத்தான் அடங்கும்.”

மரநாயாம்! அது ராத்திரி வரும், காப்பிப்பழம் தின்னும், தகரக் கூரையில் உருளும். இது பட்டப்பகலில் வருகிறது. ஜோடியாக. கறுத்த உடம்பு, நீள வால், தொண்டை மட்டும் பழுத்த பப்பாளி நிறம். பள்ளிக்குப் பின்னால் சோலையில் மூன்று வருஷமாகப் பார்க்கிறேன். அணிலை விரட்டும். தேன் என்றால் உயிர். இந்த மலைத்தொடரை விட்டால் வேறெங்கும் கிடையாதாம். எத்தனை மிச்சம் என்று யாருக்கும் தெரியாதாம். போன வருஷம் வந்த காலேஜ் வாத்தியார் சொன்னது.

பிப். 8, செவ்வாய்
வன ஆபீசுக்கு மனு. ஜீப்பில் கொடுத்தனுப்பினேன். “தேன்பெட்டியைக் கவிழ்ப்பது மரநாய் அல்ல. அபூர்வ மிருகம். விஷம் வைப்பதைத் தடுக்க வேண்டும்.” ‘மரநாய் அல்ல’ என்பதற்கு அடிக்கோடு, இரண்டு தடவை. எழுதி முடித்ததும் ஒரே பெருமை எனக்கு.

பிப். 10, வியாழன்
வெயில். வன கார்டு வந்தார், மலையாளி; எஸ்டேட் கேரளத்தில்தானே. கையில் என் மனு.

“மரநாய் அல்லான்னு டீச்சர்தன்னே எழுதியிட்டுண்டல்லோ. மரநாயானெங்கில் கொல்லான் பாடில்லா. அல்லாத்ததுக்கு கேஸ் இல்லா.”

மரநாயைத்தான் கொல்லக்கூடாதாம், அல்லாததற்குக் கேஸ் இல்லையாம். மலையாளத்தில் மரநாய் என்றால் என் மஞ்சள் தொண்டைதானாம்! நாம் மரநாய் என்பது அவர்களுக்கு மரப்பட்டி. காப்பாற்ற எழுதினேன், அதையே மாட்டிவிட்டேன். மடச்சி.

தங்கராஜுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. “டீச்சரே கையெழுத்துப் போட்டுல்லா குடுத்திருக்காவ!” மருந்து காலையிலேயே வைத்தாகிவிட்டதாம்.

அங்கேயே வேறு மனு எழுதிக் கொடுத்தேன். கார்டு நல்ல மனுஷர், வாங்கிக்கொண்டார். ஆனால் மேலதிகாரி பார்த்து உத்தரவு வர சனிக்கிழமை ஆகுமாம். அதுவரை காத்திருக்க நான் என்ன கல்லா? பள்ளிக்கூட வாளியை எடுத்துக்கொண்டு போய் உருண்டைகளைப் பொறுக்கினேன். கொழுந்து கிள்ளும் பெண்கள் அத்தனை பேரும் பார்க்க. குழி தோண்டிப் புதைத்தேன். திரும்பும்போது தங்கராஜ் குறுக்கே நின்றார்.

“வேலை போயிரும் டீச்சர். ஒரு நாய்க்குப் போயா?”
“போனாப் போகுது. வழிய விடும்.”

பிப். 12, சனி
உத்தரவு வந்தது. விஷம் கூடாது.

காலை பத்தரைக்கு ஒன்று மட்டும் வந்தது. கிளையில் நின்று சுற்றிச் சுற்றிப் பார்த்தது. மத்தியானம் வரை ஜன்னலை விட்டு நகரவில்லை நான். இன்னொன்று வரவில்லை. எந்த உருண்டையை விட்டேனோ. வாய்விட்டு அழுதேன். பிள்ளைகள் பயந்துவிட்டன.

மூன்று மணிக்கு மானேஜரின் சீட்டு. எஸ்டேட் ஊழியர் வைத்த மருந்தை எடுத்தது யார், எழுத்தில் விளக்கம் வேண்டும், மன்னிப்பும் வேண்டும்.

சீட்டு கொண்டுவந்த பையனை நிற்கவைத்தே எழுதிக் கொடுத்தேன்:

“எடுத்தது நான். எல்லாவற்றையும் எடுக்காமல் போனதற்கு வருந்துகிறேன்.”