முன்பக்கத்து இடைவெளி

மந்தைவெளி
12 ஜனவரி 2025, ஞாயிறு

செம்பியன் அண்ணாவுக்கு,

அன்புக்கரசி எழுதுறேன். எங்க ஸ்கூல்ல வைதேகி அக்கா நடத்தின ரோபோ டீம்ல கேப்டன். உங்க போன் ஆஃப்லயே கீது. மூணு வாட்டி வந்து கதவத் தட்டினோம். நீங்க உள்ளதான் இருந்தீங்க, ஃபேன் சத்தம் கேட்டுச்சு. அதான் கீழ துணி தேய்க்கிற லாரன்ஸ் அண்ணன்கிட்ட லெட்டர் குடுத்துட்டுப் போறோம். பதிலயும் அவர்கிட்டயே குடுங்க.

அக்கா போனதும் டீமக் கலைச்சிடலாம்னு ஸ்கூல்ல சொன்னாங்க. நாங்க ஒத்துக்கல. பிப்ரவரி பதினஞ்சு வேளச்சேரியில போட்டி. சுத்தி மெத்தை மாதிரி பம்பர் கட்டாம ரோபோ வண்டியக் களத்துல எறக்க உட மாட்டாங்க. வருஷா வருஷம் அக்கா படம் போடுவாங்க, நீங்க பலகை அறுத்துக் குடுப்பீங்க, அது மேல நாங்க நுரைக் குழாய் வச்சு துணி சுத்துவோம். இந்த வருஷத்துப் படத்த அக்கா செப்டம்பர்லயே போட்டு முடிச்சாங்க. அது உங்க வீட்லதான் கீது.

அறுத்துத் தருவீங்களா? சாப்டீங்களாண்ணா?

அன்புக்கரசி

•

15 ஜனவரி

அன்புக்கரசிக்கு,

பலகை அறுத்து லாரன்ஸ்கிட்ட வச்சிருக்கேன். பதினெட்டு மில்லி பிளைவுட். படத்துல இருக்கிறபடி. முன்பக்கம் மட்டும் ரெண்டு துண்டு, நடுவுல நாப்பது சென்டி இடைவெளி, பந்து உள்ள போற வழி. ஓரம் தேய்ச்சிருக்கேன். கையில சிலாம்பு ஏறாது.

சாப்பாடு மெஸ்லேர்ந்து வருது.

செம்பியன்

•

19 ஜனவரி

அன்புள்ள அண்ணா,

பலகை வந்துச்சு. எங்க டீம்ல தையல் வேலை உம்மே ஹானியோடது, அவங்க வீட்ல ஸ்கூல் பேக் தைக்கிறாங்க. அவ பலகையத் தடவிப் பாத்துட்டு, "இன்னாடி இது, கொழந்தை கன்னம் மாதிரி கீது"ன்னா.

ஆனா ஒரு விஷயம். போன வருஷம் வரைக்கும் முன்னாடி இடைவெளி உடலாம்னு இருந்துச்சு. இந்த வருஷ விதி இப்ப ஜனவரியிலதான் வந்துச்சு. அதுல நாலு பக்கமும் முழுசா மூடணும்னு போட்டுக்கீறாங்க. அக்கா பழைய விதிய வச்சு வரைஞ்சாங்க, அவங்களுக்கு எப்படித் தெரியும். மொத லெட்டர்லயே நான் சொல்லியிருக்கணும். அக்கா படத்தப் போயி தப்புன்னு சொல்ல வாய் வரல. தப்பு என்னுது.

மூடிட்டா பந்து உள்ள வராது. அதுக்கு பம்பரத் தாண்டி மேலேர்ந்து எடுக்கிற மாதிரி ஒரு கை செஞ்சுக்கினு இருக்கோம்.

படத்த மாத்தணும். அக்கா எங்களுக்கு ஒரு பழக்கம் வச்சிருந்தாங்க. ஒருத்தர் வரைஞ்சத இன்னொருத்தர் மாத்தணும்னா, வரைஞ்சவங்க ஓரத்துக் கட்டத்துல கையெழுத்து போடணும். ஒருவாட்டி நான் கேக்காம ஒரு ஓட்டைய நகத்திட்டேன், ஒரு வாரம் தரையில ஸ்க்ரூ பொறுக்க வச்சாங்க. இப்ப யார்கிட்ட வாங்கறது? டீம்ல ஓட்டு எடுத்தோம். உங்ககிட்டன்னு முடிவாச்சு.

அன்புக்கரசி

•

21 ஜனவரி

அன்புக்கரசிக்கு,

அதுல யாரும் கை வைக்க வேணாம். அவ கடைசியாப் போட்ட படம். நீங்களே புதுசா ஒண்ணு வரைஞ்சுக்கோங்க, அதுக்கு யார் கையெழுத்தும் தேவையில்லை.

இனிமே லெட்டர் குடுக்காத.

செம்பியன்

•

26 ஜனவரி

அண்ணா,

குடுக்காதன்னீங்க. குடுக்கிறேன். திட்டணும்னா கதவத் தொறந்து திட்டுங்க.

புதுசா வரைஞ்சு பாத்தோம். நாலு நாள் ஆச்சு, வரல. மூலை உக்கார மாட்டேங்குது. மாட்டுற கொக்கி சட்டத்துல இடிக்குது. அக்கா படத்துல ஒவ்வொரு கோடும் பக்கத்துக் கோட்டப் புடிச்சுக்கினு கீது. ஒண்ண நாங்க தனியா இழுத்தா எல்லாம் கழண்டுடுது.

முன்பக்கம் மட்டும்தான் மாறணும்ணா. மத்த மூணு பக்கமும் அவங்க போட்டதுதான் களத்துல ஓடப்போவுது.

படத்தோட போட்டோ எங்ககிட்ட கீது. உங்களுக்குத் தெரியாம மாத்தியிருக்கலாம். மாத்தல. கையெழுத்து இல்லன்னா நாங்க எறங்கறதா இல்ல. இது மிரட்டல் இல்ல. அக்கா சொல்லிக் குடுத்த மாதிரி செய்யணும், இல்லன்னா செய்யவே வேணாம்னு பசங்க சொல்றாங்க.

அன்புக்கரசி

•

2 பிப்ரவரி

அன்புள்ள அன்புக்கரசி,

உன் லெட்டரப் படிச்சுட்டு படத்த சுவத்துலேர்ந்து எடுத்தேன். மாட்டித்தான் வச்சிருந்தேன், பாக்கவே இல்ல. பலகை அறுக்கும்போதுகூட நம்பர மட்டும்தான் பாத்தேன். நேத்து மத்தியானம் தரையில விரிச்சுப் போட்டு உக்காந்தேன். எழுந்திருக்கும்போது சாயந்தரம் ஆயிடுச்சு.

கார் கம்பெனியில எட்டு வருஷமா டிசைன்ல இருக்கேன். இப்படி ஒண்ணு நான் போட்டதில்ல. மூலையில பலகையும் பலகையும் முட்டிக்கிட்டு நிக்கல, ஒண்ணு மேல ஒண்ணு ஏறி உக்காருது. எந்தப் பக்கம் அடி வாங்கினாலும் பாதி அடி பக்கத்துப் பலகைக்குப் போயிடும். ஆட்டத்துல எந்தக் கலர் பக்கம் போட்டாலும் சரி, நாலே கொக்கி, அதக் கழட்டினா சிவப்பு மெத்தை போயி நீல மெத்தை வந்துடும். இத அவ கேஸ் அடுப்புப் பக்கத்துல நின்னு, பால் மேல ஒரு கண்ண வச்சுக்கிட்டுப் போட்டா. நான் ரெண்டு அடி தள்ளி மொபைல் பாத்துட்டு இருந்தேன். என்ன வரையுறேன்னு ஒரு வார்த்தை கேக்கல.

முன்பக்கத்த மட்டும் அவ நிறைய தடவ அழிச்சிருக்கா. அந்த இடத்துல பேப்பர் மெலிஞ்சு, வெளிச்சத்துல புடிச்சா அந்தப் பக்கம் தெரியுது. இடைவெளி விட்டா அங்க பலம் கொறையும்னு அவளுக்குத் தெரிஞ்சிருக்கு. பந்துக்கு வேற வழி தெரியாம விட்டிருக்கா. அந்த வழிய நீங்க கண்டுபுடிச்சுட்டீங்க.

கையெழுத்து போட்டு படத்த லாரன்ஸ்கிட்ட குடுத்திருக்கேன். மாத்தினவர்ங்கிற கட்டத்துல உன் பேர எழுதிக்கோ. முன்பக்கத்துக்கு ஒரே பலகையா அறுத்து வச்சிருக்கேன். எடை எண்ணூறு கிராம் கூடும், அத பேட்டரித் தட்டுல கொறைச்சுடலாம், எங்கன்னு குறிச்சிருக்கேன். வண்டியோட கைக்கும் பம்பருக்கும் நடுவுல மூணு சென்டி விடு.

அன்னிக்கு அப்படி எழுதினத மனசுல வச்சுக்காத.

செம்பியன்

•

9 பிப்ரவரி

அன்புள்ள அண்ணா,

மாட்டிட்டோம். நாலு கொக்கியும் டக்குனு உக்காந்துச்சு. அப்புறம் ஹானி, "தள்ளுங்கடா பாக்கலாம்"னா. ஸ்கூல் சுவத்துல போயி முட்டவிட்டோம். சுவத்துலதான் சுண்ணாம்பு உதிர்ந்துச்சு.

சனிக்கிழமை வாங்க. வரலன்னாலும் கோச்சிக்க மாட்டோம்.

அன்புக்கரசி

•

16 பிப்ரவரி, ஞாயிறு

அன்புள்ள அன்புக்கரசி,

நேத்து வந்திருந்தேன். கீழ உங்ககிட்ட வர கால் வரல, அதான் எழுதுறேன்.

பரிசோதனை பண்ணினவர் முட்டி போட்டு உக்காந்து பம்பரச் சுத்திக் கைய ஓட்டினத மேல கேலரியிலேர்ந்து பாத்தேன். மூலைக்கு வந்ததும் கை நின்னுடுச்சு. குனிஞ்சு அடியில பாத்தார், இன்னொருத்தரக் கூப்பிட்டுக் காமிச்சார். நீ கைய பின்னாடி கட்டிக்கிட்டு நின்ன. ரெண்டு பேரும் தலைய ஆட்டிட்டு பாஸ் சீட்ட ஒட்டினதும்தான் நான் உக்காந்தேன்.

பக்கத்துல செந்தில்குமார்னு ஒருத்தர், கே.கே. நகர்க்காரர், முறுக்குப் பாக்கெட்டோட உக்காந்திருந்தார். அவர் பொண்ணு நீல டீம்ல ஓட்டுறா. "உங்களுது எது சார்?"னார். சிவப்பக் காமிச்சேன். "பையனா, பொண்ணா?"ன்னார். "என் மனைவி சார். அவங்க போட்ட பம்பர். அக்டோபர்ல செத்துப்போயிட்டாங்க"ன்னேன்.

இந்த நாலு மாசத்துல நான் அத வாயால சொன்னதில்ல. ஆஸ்பத்திரியில, ஆபீஸ்ல, எல்லா எடத்துலயும் வேற யாராவது எனக்காகச் சொல்லிட்டாங்க. அவர் முறுக்குப் பாக்கெட்ட எங்க ரெண்டு பேருக்கும் நடுவுல வச்சார்.

அப்பதான் அவர் பொண்ணு வண்டியும் உங்க வண்டியும் ஒரே பந்துக்கு எதிரெதிரா வந்துச்சு. அம்பது அம்பது கிலோ. அந்த வேகத்துல எவ்வளவு அடின்னு எனக்குக் கணக்குத் தெரியும், போட்டு வச்சிருக்கேன். தெரிஞ்சும் நானும் அவரும் ஒரே நேரத்துல எழுந்து நின்னுட்டோம். நேருக்கு நேர், முன்பக்கமும் முன்பக்கமும். ஒரு தலகாணி கீழ விழுற சத்தம்தான் கேட்டுச்சு. ரெண்டும் கொஞ்சம் பின்வாங்குச்சு. உங்க கை நீண்டு, பம்பரத் தாண்டி, பந்த எடுத்துக்கிட்டுப் போச்சு.

செந்தில்குமார் தலையில கைய வச்சுக்கிட்டு, "யப்பா, யார் சார் செஞ்சது இத?"ன்னார். உங்க பேரெல்லாம் சொன்னேன், ஒவ்வொண்ணா. அவ பேரோட சேத்து.

செம்பியன்